கொடிக்கம்பம் வரைக்கும் அண்ணா

அந்த நீலப் பெஞ்சில இருக்காத பிள்ளை. எழும்பு. பையையும் எடு. ஒண்டுமில்லை, சும்மாதான் சொல்லுறன். இஞ்சால இந்த மரப் பெஞ்சுக்கு வா, காத்தும் வரும். நீலப் பெஞ்சு வேற ஆக்களுக்கு. ஆருக்கு எண்டு பிறகு சொல்லுறன்.

இந்தா தேத்தண்ணி. சீனி கொஞ்சம் கூடத்தான் போட்டிருக்கு. கடலால வந்த ஆக்களுக்கு இனிப்பு உள்ள போனால்தான் தலைச்சுத்து நிக்கும். சின்னவளுக்கும் ஊதிக் குடு. கைப்பிள்ளைக்குப் பால்மா கரைச்சுப் போத்தலில கொண்டந்தனான். பயப்பிடாத, நான் அரசாங்கத்து ஆள் இல்லை. உன்னைப்போல வந்தவள்தான். தவமலர் எண்டு பேர். முந்தின சண்டைக்கு, தொண்ணூறில வந்தது. அண்டைக்கு நானும் இதே மண்டபத்தில, இதே மூலையில, நனைஞ்ச சீலையோட இருந்தனான். அப்ப பெஞ்சு இல்லை, நிலம்தான். இப்ப பெஞ்சு வந்திருக்கு, மேல காத்தாடி வந்திருக்கு. முன்னேற்றம்தான், என்ன.

புதுசா ஆக்கள் வந்து இறங்கினால் முகாம் பொம்பிளையள் முறை வைச்சுத் தேத்தண்ணியும் சோறும் கொண்டாறது. இண்டைக்கு என்ர முறை இல்லை. எண்டாலும் நான் வந்திடுவன். எல்லார்ர முறையிலயும் நான் வந்திடுவன். ஏனெண்டு கேட்டால், முதல்ல நான் உன்னட்ட ஒண்டு கேக்க வேணும்.

நீ மன்னார்ப் பக்கம்தானே. அங்க ஒரு பெடியனைக் கண்டனியோ? இருபது வயசு. உயரம். இடப்பக்கப் புருவத்தில ஒரு வெட்டு, மயிர் முளைக்காமல் ரெண்டாப் பிரிஞ்சு நிக்கும். பெயின்ற் வேலை செய்த கை, நகத்துக்குள்ள எந்த நாளும் வெள்ளையா ஒட்டியிருக்கும். கதைக்கேக்க கொஞ்சம் இந்தியாக்காரர் மாதிரி இழுபடும், நாலு வயசில வந்தவன் எண்டபடியால. செந்தூரன் எண்டு பேர். என்ர மகன்.

இல்லையோ. சரி. எல்லாரும் இல்லை எண்டுதான் சொல்லுகினம். அது நல்லதெண்டும் எடுக்கலாம். கண்டனாங்கள் எண்டு ஆராவது சொன்னால், எங்க கண்டனியள் எண்டு கேக்க எனக்குத் துணிவு வராது.

பேர் பதியிற ஐயாமார் சாப்பிடப் போட்டினம். மூண்டு மணிக்கு வருவினம். வந்தால் கைப்பிள்ளைக்காரி எண்டு உன்னைத்தான் முதல்ல கூப்பிடுவினம். அதுக்குள்ள ஒரு கதை கதைக்க வேணும். கிட்ட வா. சத்தமாக் கதைக்கிற கதை இல்லை.

வாசலால வரேக்க உந்தச் சின்னவள் உன்னை மாமி எண்டு கூப்பிட்டது எனக்குக் கேட்டது. தமையன்ர பிள்ளையோ? ம். தாய்? சரி, வேண்டாம், அழாத, சொல்ல வேண்டாம். தமையன் அடுத்த போட்டில வாறன் எண்டு சொன்னவரோ? எல்லாத் தமையன்மாரும் அதைத்தான் சொல்லுறவை. உன்ர மனிசன் இல்லை எண்டதும் காதில விழுந்தது. கைப்பிள்ளை தகப்பன்ர முகத்தைக் காணவே இல்லையாம். பாவம், எப்பிடிச் சிரிக்கிறான் பார். பேர் என்ன வைச்சனி? சின்னவள்? கம்சிகா. நல்ல பேர்.

இப்ப கேள். செந்தூரனை மகன் எண்டு சொன்னன். அகதிக் கார்டிலயும் அப்பிடித்தான் இருந்தது. ஆனா நான் பெத்தது ஒரு பெட்டை மட்டும்தான். செந்தூரன் என்ர அண்ணர்ர பெடியன். உன்ர கம்சிகாவைப்போல. அண்ணிக்காரி ஷெல்லில போனவ. நாங்கள் போட் ஏறேக்க அண்ணர் இடுப்பளவு தண்ணிக்குள்ள நிண்டு பெடியனை என்ர கையில தூக்கித் தந்தார். என்ர மகளுக்கு அப்ப ரெண்டு வயசு, சுகிர்தா. அவளின்ர கன்னத்தில தட்டி, என்ர மருமகளைத் தண்ணியில விட்டிடாத எண்டு பகிடி விட்டார். மச்சானும் மச்சாளும் ஒண்டாப் போகட்டும், கலியாணத்துக்கு நான் வாறன் எண்டார். அந்த நேரத்திலயும் பகிடிதான் அந்தாளுக்கு. வரேல்லை. வரமாட்டார் எண்ட செய்தி பிறகு வந்தது.

அப்ப முறைப்படி செந்தூரன் எனக்கு மருமகன். என்ர மகளுக்கு உரிமைக்காரன். இதைவிட நல்ல முறை எங்கட ஆக்களுக்குள்ள இருக்கோ சொல்லு. இல்லைத்தானே.

ஆனா இந்த மண்டபத்தில எனக்கு முன்னால நிண்ட மனிசி சொன்னா, தாய் தகப்பன் இல்லாத பிள்ளையளை வேறயா இருத்தி வைச்சிருக்கினம், ஹோமுக்குக் கொண்டுபோறதுக்கு எண்டு. திரும்பிப் பார்த்தன். ரெண்டு பிள்ளையள் அந்தச் சுவரோரம் இருந்துதுகள். இப்ப நீலப் பெஞ்சு போட்டிருக்கிற அதே சுவர்தான். ஆரும் அதுகளை அடிக்கேல்லை, பேசேல்லை. பிஸ்கற் குடுத்திருந்தவை. அதுகள் அதைத் தின்னாமல் கையில பிடிச்சுக்கொண்டு இருந்ததுகள்.

ஐயா கேட்டார். "யாரும்மா இந்தப் பையன்?"

மூத்தவன் சார் எண்டன். யோசிக்கவே இல்லை. மனிசனைப் பார்த்து, உன் பையனா எண்டு கேட்டார். எங்கட மனிசனுக்கு வாய் குறைவு, தலையை ஆட்டினார். எழுதியாச்சு. தாய், தகப்பன், மகன், மகள். அரிசியும் காசும் நாலு பேருக்கு. அதுக்குப் பிறகு எங்களைப் பிரிக்க ஒருத்தராலயும் ஏலாது எண்டு நான் அண்டைக்கு நல்லா நித்திரை கொண்டனான் பிள்ளை. போட்டில வந்த பிறகு நான் கொண்ட முதல் நித்திரை.

செக்கிங் எண்டு ஒண்டு இருக்கு, உனக்கும் வரும். மாசத்தில ஒரு நாள், முகாம் முழுக்க ஆபீசுக்கு முன்னால வரிசையா நிக்க வேணும். குடும்பம் குடும்பமா. ஐயா பேர் கூப்பிட, முகத்தைக் காட்ட வேணும். எங்க வேலைக்குப் போனவனும் அண்டைக்கு வந்திட வேணும். அண்டைக்கு முகம் இல்லாட்டி அரிசி இல்லை, கனநாள் இல்லாட்டிப் பேரே இல்லை.

சின்னதுகளுக்கு என்ன தெரியும்? வரிசையில நிண்டுகொண்டு மச்சான் மச்சான் எண்டு சுகிர்தா கத்தினால் எப்பிடி இருக்கும். அதால நான் ஒரு ஒழுங்கு வைச்சன். ஆபீசுக்கும் எங்கட அறை வரிசைக்கும் நடுவில ஒரு கொடிக்கம்பம் நிக்குது, வரேக்கக் கண்டிருப்பாய். கொடிக்கம்பத்துக்கு அங்கால, ஆபீஸ் பக்கம், அண்ணா, தங்கச்சி, அம்மா. கொடிக்கம்பம் தாண்டி வீட்டுப் பக்கம் வந்தால் மச்சான், மச்சாள், மாமி. பிழைச்சால் ஒரு கிள்ளு. அதுகளுக்கு அது விளையாட்டாப் போச்சு. கம்பத்தைத் தொட்டுப்போட்டு நிண்ட இடத்திலயே சுத்திச் சுத்தி அண்ணா மச்சான் அண்ணா மச்சான் எண்டு சிரிக்குங்கள். பிழை விட வைச்சு ஒண்டையொண்டு கிள்ளுங்கள். பள்ளிக்கூடம் முகாமுக்கு வெளியில, அங்கயும் அண்ணாதான். எனக்குப் பெருமையாயிருக்கும். எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையள்.

சுகிர்தா பெரியபிள்ளையாகிச் சாமத்தியப்பட்ட நேரம்தான் கொஞ்சம் கரைச்சல். தாய்மாமன் தேங்காய் உடைச்சுத்தான் தண்ணி வாக்கிறது எங்கட வழக்கம். மாமன் இல்லை, மாமன்ர பிள்ளை இருக்கிறான், அவன்தான் உடைக்க வேணும். ஆனா முகாமில எங்கட ஊர் ஆக்கள் ரெண்டு மூண்டு வீடுதான், மிச்சம் எல்லாம் திருகோணமலையும் வவுனியாவும். அவைக்கு நாங்கள் கார்டில இருக்கிற மாதிரித்தான். அண்ணன்காரன் நிண்டு மாமன் தேங்காய் உடைச்சால் கதைக்க மாட்டினமே. அறைக்கும் அறைக்கும் நடுவில ஒரு சுவர், அதுவும் மேல கூரை மட்டும் போகாது. நான் தேங்காயைச் சாக்கில சுத்திக் குடுத்து, மெதுவா உடையடா எண்டன். ஆராவது மெதுவாத் தேங்காய் உடைச்சுக் கண்டிருக்கிறியோ? நாலு தரம் அடிச்சும் உடையேல்லை. அவன் சிரிக்க, அவள் தலையில துவாயோட இருந்து சிரிக்க, மனிசனும் சிரிக்க. அடுத்த நாள் பக்கத்து அறைச் சரசக்கா தண்ணி எடுக்கிற இடத்தில வைச்சுக் கேட்டா, "என்ன தவம், உங்கட ஊரில தேங்காய்க்குச் சட்டை போட்டோ உடைக்கிறது?" எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சன். ஆனா குடம் நிரம்ப முன்னமே தூக்கிக்கொண்டு வந்திட்டன்.

அதுக்குப் பிறகு ஒரு சங்கதி கவனிச்சன். கவனிச்சும் விளங்கேல்லை. சுகிர்தா அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுறதை விட்டிட்டாள். கொடிக்கம்பத்துக்கு அங்கால அண்ணா இல்லை, இஞ்சால மச்சான் இல்லை. சாப்பிட வரச்சொல்லுங்கோ எண்டுவாள். ஆரை எண்டு கேட்டால், வெளியில நிக்கிற ஆளை எண்டுவாள். அவனும் அப்பிடித்தான். பெயின்ற் வேலைக்குப் போட்டு வந்தால் பூவோ பழமோ ஒண்டு ஜன்னலில இருக்கும். ஆர் வைச்சது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை, ஒருத்தரும் சொல்லுறேல்லை. வெளியில ஒரு சொல், வீட்டுக்குள்ள ஒரு சொல் எண்டு ரெண்டு குடுத்தனான். அதுகள் ரெண்டையும் விட்டிட்டுத் தங்களுக்கெண்டு ஒண்டை வைச்சிருந்ததுகள்.

போன தை மாசம் அவன் என்னட்டக் கேட்டான். நேரடியாவே கேட்டான், என்ர பெடியன் ஒளிச்சுச் செய்யிறவன் இல்லை. மாமி, அப்பா தண்ணிக்குள்ள நிண்டு சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்குத்தானே எண்டான்.

எனக்குச் சந்தோசம் இல்லையெண்டு நினைக்காத. அண்ணர்ர சொல்லெல்லே. ஆனா எப்பிடிச் செய்யிறது? கோயிலில தாலி கட்டினால் அடுத்த செக்கிங்குக்கு முன்னம் ஐயாவுக்குத் தெரியும். அண்ணன் தங்கச்சிக்குத் தாலி கட்டிப்போட்டான் எண்டு சனம் காறித் துப்பும். உண்மையைச் சொன்னால், இத்தினை வருசமாப் பொய் சொல்லித்தான் அரிசி வாங்கினியோ எண்டு கார்டை வாங்கி வைச்சிடுவினம். கார்டு இல்லாமல் இந்த நாட்டில நாங்கள் ஆர்? அங்கயும் போக ஏலாது, இஞ்சயும் நிக்க ஏலாது. சுவருக்கும் சுவருக்கும் நடுவில நிக்கிற மாதிரி.

மனிசன் ஒரு நாள் தானாவே வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லிப் போடுவம் தவம், ஐயாமாரும் மனிசர்தானே எண்டார். அவ்வளவுதான். பிறகு பிரஷ்ஷைத் தூக்கிக்கொண்டு மதுரைப் பக்கம் வேலைக்குப் போட்டார், தன்ர அரிசி போனாலும் போகட்டும் எண்டு பங்குனிச் செக்கிங்குக்கும் வரேல்லை. சொல்லுறதைச் சொல்லிப்போட்டுப் போறது சுகம்தானே.

இன்னொண்டும் இருக்கு. கலியாணம் கட்டினால் தனிக் கார்டு, தனி அறை. எங்கட முகாமில அறை இல்லை. இருக்கிற முகாமுக்கு அனுப்புவினம், எங்கயோ சேலமோ வேலூரோ. நான் வளர்த்த ரெண்டும் ஒரே நாளில பெட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறும். நானும் சுவரும்தான் மிச்சம். ஆனா அதுக்காக நான் அப்பிடிச் செய்யேல்லை, விளங்குதோ? கார்டுக்காகத்தான். அதை நல்லா விளங்கிக்கொள்.

பங்குனி மாசச் செக்கிங். முதல் நாள் அவன் என்ர காலடியில வந்து இருந்தான். மாமி, நாளைக்கு நான் ஐயாவிட்டச் சொல்லப்போறன், பழியை நான் எடுக்கிறன், உங்களிட்டக் கேட்டால் ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ எண்டான். ஓம் எண்டு ஒரு சொல்லு. நானும் சரி எண்டன். அண்டைக்குப் புட்டவிச்சு மீன் குழம்பு வைச்சன். சுகிர்தா ஒரு வருசத்துக்குப் பிறகு சத்தம் போட்டுச் சிரிச்சது அண்டைக்குத்தான்.

விடிஞ்சுது. வரிசை. எங்கட பேரைக் கூப்பிட்டவை. இவன் முன்னுக்குப் போய், சார் ஒரு விசயம், இவங்க என்னோட அம்மா இல்லை, அத்தை எண்டான். இந்தியாத் தமிழில வடிவாச் சொன்னான். ஐயா பேனையை வைச்சிட்டார். பின்னால நிண்ட சனம் முழுக்க நெருக்கிக்கொண்டு முன்னுக்கு வந்துது. சரசக்கா கழுத்தை நீட்டிக்கொண்டு நிக்கிறா. ஐயாவுக்குப் பக்கத்தில அண்டைக்குப் பாத்து ஒரு பொலிஸ்காரரும் இருந்தவர்.

ஐயா என்னைப் பார்த்து, "உண்மையா அம்மா?" எண்டார்.

கோபமாக் கேக்கேல்லை. அதையும் சொல்ல வேணும். ஒரு வீட்டு ஆள் கேக்கிற மாதிரித்தான் கேட்டவர்.

என்ர வாய் சொல்லுது, "என்ர பிள்ளைதான் சார். பெத்த வயிறு பொய் சொல்லுமோ."

நானோ சொன்னது, வாய் சொல்லிப்போட்டுது. நான் என்ன செய்ய? இத்தினை வருசமா அந்த இடத்தில நிண்டு அதைத்தானே சொன்னது. மாடு தொழுவத்துக்குப் போற மாதிரி சொல்லு தன்பாட்டில போட்டுது.

ஐயா அவனைப் பார்த்துப் பேசினார் பார். பெத்த அம்மாவையே இல்லைன்னு சொல்றியே, வெட்கமா இல்லையா எண்டு. சனம் சிரிச்சுது. அவன் என்னைப் பார்த்தான். பிறகு சுகிர்தாவைப் பார்த்தான். பிறகு ஐயாவிட்ட, அம்மாதான் சார், பகிடிக்குச் சொன்னனான் எண்டான். பிறகு என்னட்டத் திரும்பி, "வாங்கோ அம்மா, போவம்" எண்டான்.

கேட்டியோ பிள்ளை. அம்மா எண்டவன். எல்லாருக்கும் முன்னால. அதுக்கு முன்னமும் வரிசையில சொல்லியிருக்கிறான்தான், ஆனா அண்டைக்குச் சொன்ன மாதிரி இல்லை. அண்டைக்கு என்னைக் காப்பாத்தினது அவன்தான். பெத்த பிள்ளை செய்யுமோ அப்பிடி?

கொடிக்கம்பத்தைத் தாண்டி வந்தம். மாமி எண்டு சொல்லுவான் எண்டு பார்த்துக்கொண்டு வந்தன். அவன் ஒண்டும் சொல்லேல்லை. அந்தக் கிழமை முடியமுன்னம் ஒரு படகோட்டியைப் பிடிச்சுக் கடல் தாண்டி அங்கால போட்டான். எல்லாரும் அங்கயிருந்து இஞ்ச வாறாக்கள், சண்டை தொடங்கப்போகுது எண்டு. இவன் இஞ்சயிருந்து அங்க. சுகிர்தாவிட்டச் சொல்லிப்போட்டுத்தான் போனவனோ தெரியாது. அவள் சொல்லமாட்டாள்.

அவள் என்னோட கதைக்கிறேல்லை. அண்டையிலிருந்து. பசிக்குது எண்டாலும் சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். அம்மா எண்ட சொல் அவளின்ர வாயில இல்லை. ஆராவது வெளியாக்கள் வந்து உங்கட தமையன் எங்க எண்டு கேட்டால் மட்டும், அண்ணா வேலைக்குப் போட்டார் எண்டு நல்லாக் கேக்கிற மாதிரிச் சொல்லுவாள். எனக்குக் கேக்கிற மாதிரி.

அந்தா பார். மேசையில பேப்பர் அடுக்குறாள், நீலச் சுடிதார், அவள்தான் சுகிர்தா. பன்னிரண்டாம் வகுப்பு முடிச்சவள், நல்ல கையெழுத்து. வாற சனத்தின்ர பேச்சு ஐயாமாருக்கு விளங்கிறேல்லை எண்டு எழுத வரச் சொல்லிக் கேட்டவை. உடன ஓம் எண்டிட்டாள். வீட்டில ஒரு சோலிக்கும் எழும்பாதவள் இதுக்கு முதல் ஆளா வருவாள். வாற ஒவ்வொருத்தரிட்டயும் எந்த ஊர், வழியில ஆரைக் கண்டனியள் எண்டு கேப்பாள். அது ஐயாமார் கேக்கச் சொன்ன கேள்வி இல்லை. நான் தேத்தண்ணியோட கேக்கிறதை அவள் பேனையோட கேக்கிறாள். ஒரே வீட்டில இருந்துதான் வாறம். ஒண்டா வாறேல்லை.

இவ்வளவும் ஏன் சொன்னன்? உனக்கு ஒரு வழி சொல்லத்தான். நீலப் பெஞ்சு ஆருக்கெண்டு இப்ப விளங்கிச்சோ? ம்.

அப்ப கேட்டுக்கொள். கம்சிகா உன்ர பிள்ளை. மூத்தவள். உன்ர மனிசன்ர பேர்தான் தகப்பன் பேர். இதில யோசிக்க ஒண்டும் இல்லை. தவமலர் பட்டதைப் பார்த்துப் பயந்து உண்மையைச் சொல்லப்போறன் எண்டு நிக்காத. நான் பிழை விட்டது அதில இல்லை பிள்ளை. இத்தினை மாசமா யோசிச்சுப் பார்த்திட்டன். நான் விட்ட பிழை அந்தக் கொடிக்கம்பம். பாதியில விட்டதுதான் பிழை. வெளியில ஒண்டு, வீட்டுக்குள்ள ஒண்டு எண்டு வைச்சிருக்கக் கூடாது. வீட்டுக்குள்ளயும் அண்ணா தங்கச்சி எண்டே வளர்த்திருந்தால் இண்டைக்கு அவன் அண்ணனா என்ர வீட்டில இருந்திருப்பான், அவளுக்கு வேற இடத்தில ஒரு மாப்பிளை பார்த்திருக்கலாம். நீ அந்தப் பிழையை விடாத. உன்ர மடியில இருக்கிறவன் அவளுக்குத் தம்பி. இண்டையிலிருந்து. கதவைச் சாத்தின பிறகும் தம்பி. மாமி எண்ட சொல்லை அவளின்ர நாக்கிலயிருந்து எடுத்துப்போடு. ஐஞ்சு வயசுதானே, மறந்திடுவாள்.

கம்சி, இஞ்ச வாம்மா. இந்தா பிஸ்கற். இவ உனக்கு ஆர்? மாமி இல்லை. அம்மா. சொல்லு பாப்பம். அம்மா. வாயைத் திறக்கிறாள் இல்லை. போட்டில இருந்தே கதைக்கேல்லையோ? மாமியைத் தவிர வேற சொல் வரேல்லையோ. திரும்பச் சொல்லு ராசாத்தி. அம்மா. சரி, சரி, அழாத. ஐயா பிள்ளையிட்டக் கேக்க மாட்டார். பெரிய ஆக்களிட்டத்தான் கேக்கிறது.

அந்தா வருகினம். எழும்பு. சீலையை இழுத்துச் செருகு. பெடியனைத் தா, நான் வைச்சிருக்கிறன். அவளின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு போ. நேர பார், நிலத்தைப் பார்க்காத. போ.

இந்தா ராசா, நீ என்னட்ட வா. என்ன பாரம் நீ. பார், அம்மா அங்கதான் நிக்கிறா, பயப்பிடாத. ஐயா கேக்கிறார். உன்ர அம்மா நல்லாச் சொல்லுறா. மூத்தவள் எண்டு சொல்லிப்போட்டா. கெட்டிக்காரி. சுகிர்தா எழுதுறாள். அவ்வளவுதான் ராசா, முடிஞ்சுது.

ஏன் ஐயா குனியிறார்? பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறார். நல்ல மனிசன். கேக்காதேங்கோ ஐயா, கேக்காதேங்கோ.

"பாப்பா, இது யாரு?"

மாமி எண்டிட்டாள். கேட்டியோ? போட்டில இருந்து வேற சொல்லே சொல்லாதது, மண்டபம் முழுக்கக் கேக்கச் சொல்லிப்போட்டுது. மாமி.

ஐயா நிமிர்ந்திட்டார். சுகிர்தா பேனையைத் தூக்கிட்டாள். அவளுக்கு இதுதான் வேணும், தெரியுமோ. உண்மைதான் வேணும் எண்டு இத்தினை மாசமா நிண்டவள். எழுதட்டும், அத்தை எண்டு எழுதட்டும். உனக்கு நல்லம் ராசா, கம்சி உனக்கு மச்சாளா வந்திட்டாள். ஆனா பார், ஐயா கையைக் காட்டுறார். எங்க காட்டுறார் எண்டு பார். நான் பார்க்கமாட்டன்.

நீலப் பெஞ்சைத்தான் காட்டுறார். வேற ஒரு ஐயா வந்து பிள்ளையின்ர கையைப் பிடிச்சு மெதுவா இழுக்கிறார். உன்ர அம்மா விடமாட்டன் எண்டு பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. ஒருத்தரும் சத்தம் போடேல்லை. அழாத ராசா.

சுகிர்தா எழும்பிட்டாள்.

"சார், அவங்க அம்மாதான் சார். எங்க ஊர்ல தலைச்சன் குழந்தை அம்மாவை மாமின்னுதான் கூப்பிடும். கண்ணு பட்டுடக் கூடாதுன்னு அப்படிப் பழக்குவாங்க."

எந்த ஊரில? நான் அப்பிடி ஒரு வழக்கம் கேள்விப்பட்டதே இல்லை. இந்த இடத்திலயே செய்து எடுத்திட்டாள். முகத்தில ஒரு அசைவில்லை. ஐயா யோசிக்கிறார். அப்படியா எண்டு கேக்கிறார். இப்ப சுகிர்தா திரும்புறாள். ஐயோ, இஞ்ச பார்க்கிறாள். என்னைத்தான் பார்க்கிறாள்.

"வேணும்னா அம்மாகிட்ட கேளுங்க சார். அம்மாவுக்குத் தெரியும்."

ஐயாவும் என்னைப் பார்க்கிறார். அதே மேசை. அதே கேள்வி. உண்மையா அம்மா எண்டு கேக்கிறார்.

ஓம் சார். உண்மைதான் சார். எங்கட பக்கத்தில அப்பிடித்தான் சார் கூப்பிடுறது.

எழுதுறாள். ஐயா சிரிச்சுக்கொண்டு, ஒரு ஊருக்கு ஒரு பழக்கம் எண்டு சொல்லுறார். பிள்ளையின்ர கையை விட்டிட்டார். முடிஞ்சுது. இப்ப முடிஞ்சுது ராசா, உடம்பை நெளிக்காத, அம்மா வாறா.

பொறு. சுகிர்தா மேசையைச் சுத்தி வாறாள். என்னட்டயோ? இல்லை. கம்சிக்கு முன்னால குந்துறாள். கண்ணைத் துடைச்சு விடுறாள். கொடிக்கம்பத்தைக் கையால காட்டிக் காதுக்குள்ள சொல்லுறாள், வாயசைவிலயே எனக்கு விளங்குது. "அது வரைக்கும் அம்மா. தாண்டினாப் பிறகு மாமி. மறக்கக் கூடாது, என்ன? ரெண்டையும் மறக்கக் கூடாது."

நான் இவ்வளவு நேரமும் தொண்டை வறளச் சொன்னதென்ன, அவள் சொல்லிக் குடுக்கிறதென்ன. பார்த்தியோ. சொல்வழி கேக்காதவள். பிறந்ததில இருந்து அப்பிடித்தான்.

திரும்பிப் போட்டாள். அடுத்த ஆளைக் கூப்பிடுறாள். இஞ்சால பார்க்கிறாள் இல்லை.

எண்டாலும் என்னை அம்மா எண்டவள். ரெண்டு தரம். கேட்டனியோ ராசா? எல்லாருக்கும் முன்னால.